விலை கொடுப்பவர் யார்?

அநீதியை எதிர்த்து எழும் இளைஞரை நோக்கி மூத்தோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று என்றும் மாறாதது. "நீங்கள் எழுப்பும் புயலில் யாருடைய கூரை பறக்கப்போகிறது?" என்பதே அது. கோரிக்கை நியாயமானதா என்று அவர்கள் கேட்பதில்லை. நியாயமானதே என்று ஒத்துக்கொண்டுதான் பேசுவர். காலம் கனியவில்லை, ஊர் ஒப்பாது, துன்பமெல்லாம் ஏழையின் தலையிலேயே வந்து விழும் என்பனவே அவர்தம் வாதங்கள். இக்கேள்வியைக் கோழைத்தனத்தின் வேடமென்று ஒதுக்கிவிடுதல் எளிது. பல சமயங்களில் அது வேடமேயாம். ஆயினும், கேட்பவனது நோக்கம் பழுதானது என்ற காரணத்தால் கேள்வி பொய்யாகிவிடாது. நீதிக்கான போராட்டத்திற்கு விலை உண்டு. அவ்விலையை நிர்ணயித்தவரே எப்பொழுதும் அதனைச் செலுத்துவதில்லை.

கல்வித் துறையில் இவ்வுண்மை மிகக் கடுமையாக வெளிப்படுகின்றது. அங்கே விலையாகக் கொடுக்கப்படுவது பணமன்று. ஒரு குழந்தையின் வயது. நெல் விளையாத வருடத்திற்கு மறு வருடம் ஈடுசெய்யலாம். ஏழு வயதில் எழுத்தறியாது விடப்பட்ட பிள்ளைக்கு அந்த ஏழாம் வயது திரும்பி வருவதில்லை. ஆகவே, கல்வியில் நீதி வேண்டி இளைஞரைத் திரட்டுவோர் ஏனைய போராளிகளிலும் பார்க்கக் கூடிய பொறுப்பொன்றைச் சுமந்து நிற்கின்றனர். அப்பொறுப்பின் எல்லை யாது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் விடயம். வெறுந் தத்துவமாக அதனை ஆராய்வதிலும் பார்க்க, இரண்டு வரலாறுகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடைத்து. ஒன்று நம் மண்ணிலே நிகழ்ந்தது. மற்றையது கடல்கடந்த அமெரிக்காவிலே நிகழ்ந்தது.

1924 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலே மாணவர் காங்கிரஸ் தோன்றியது. பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பூண்ட இவ்வியக்கத்தின் முன்னணியில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளம் ஆசிரியரும் கல்லூரி மாணவரும் நின்றனர். 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவ்விளைஞரின் அழைப்பை ஏற்றேயாகும். சுதேசிய உணர்ச்சியோடு தீண்டாமை ஒழிப்பையும் அவர்கள் தம் கொள்கையாகக் கொண்டனர். அக்காலப் பாடசாலைகள் பலவற்றில் உயர்சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். வேறு பல பாடசாலைகளின் வாசல் அவர்களுக்குத் திறக்கப்படவேயில்லை. சம ஆசனம், சம போசனம் என்ற இரு சொற்கள் இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அவை ஊரைப் பிளந்த சொற்கள். ஒரு பலகை வாங்கின்மீது யார் அமரலாம் என்பதே ஒரு சமுதாயத்தின் முழு அமைப்பையும் தாங்கி நின்ற கேள்வியாயிற்று.

1920 களின் இறுதியில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டுமெனக் கல்விப் பகுதியினர் பணித்தனர். எதிர்ப்பு உடனே மூண்டது. சாதிமான்கள் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தனர். 1930 ஆம் ஆண்டளவில் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. கொட்டிலாக இருந்த பள்ளிக்கூடம் ஒன்று இரவோடிரவாக எரிந்து சாம்பலானால் யாருக்கு நட்டம்? உயர்சாதிப் பிள்ளைக்கு வேறொரு பாடசாலை இருந்தது. வாங்கில் இருக்கும் உரிமையை நேற்றுப் பெற்ற பிள்ளைக்கு அந்த வாங்குமில்லை, அது கிடந்த கூரையுமில்லை. வாலிபர் காங்கிரஸின் முன்னணியினரோ பெரும்பாலும் உயர்குடியிற் பிறந்து ஆங்கிலம் கற்றவர்கள். உறவினரின் கோபத்தையும் ஊரவரின் பழிச்சொல்லையும் அவர்கள் தாங்கினர், அது சிறியதொன்றன்று. ஆனால், தீயின் வெம்மை அவர்களது வீட்டை எட்டவில்லை.

இதே இயக்கத்தின் வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சியும் நம் சிந்தனைக்குரியது. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றபோது, அத்திட்டம் பூரண சுயராச்சியத்தை அளிக்கவில்லையென்று கூறி வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரத்துக்கு அறைகூவியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் போட்டியிடவில்லை. கொள்கையளவில் அது உயர்ந்த நிலைப்பாடே. ஆயின், அதே திட்டந்தான் இந்நாட்டிற்குச் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. முதன்முறையாக வாக்குப் பெற்றோருள் பெண்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் இருந்தனர். வாங்கில் சம ஆசனம் வேண்டி நின்ற இளைஞரே, வாக்குச்சாவடியில் கிடைத்த சம ஆசனத்தைப் பயன்படுத்த வேண்டாமென்று கேட்கும் நிலை ஏற்பட்டது. இங்கும் கொள்கை ஒருவருடையது, அதற்காக இழக்கப்பட்டது இன்னொருவருடையது. அந்த இளைஞரின் நேர்மையைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. நேர்மை மாத்திரம் போதாது என்பதே இந்நிகழ்ச்சி உணர்த்தும் பாடம்.

மற்றவர்க்காகப் போராடுவோரின் இடர்ப்பாடு இது. அவ்வாறாயின், அநீதிக்கு உள்ளானவரே தலைமை தாங்கிவிட்டால் இவ்விடர்ப்பாடு தீர்ந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடையாகவே இரண்டாவது வரலாறு அமைகின்றது.

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் பிறின்ஸ் எட்வேட் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே பாம்வில் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவருக்கென மோற்றன் உயர்தரப் பாடசாலை 1939 இல் அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 180 மாணவருக்கென அமைந்த கட்டடத்தில் 1950 அளவில் 450 பேர் வரை கற்றனர். இடப்பற்றாக்குறைக்குப் பரிகாரமாக அதிகாரிகள் கட்டிக் கொடுத்தவை, மரச்சட்டங்களின்மேல் தார்க்காகிதம் போர்த்த கொட்டில்கள். மழை பெய்தால் ஒழுக்கு. குளிர் காலத்தில் அடுப்பருகே இருந்த பிள்ளை வெந்தது. தொலைவில் இருந்த பிள்ளை மேலங்கியோடு நடுங்கியது. வெள்ளையரின் பாடசாலையிலோ உடற்பயிற்சி மண்டபமும் உணவுச் சாலையும் இருந்தன. பெற்றோர் ஆண்டுக்கணக்காக விண்ணப்பித்தனர். வாக்குறுதிகள் கிடைத்தன, கட்டடம் கிடைக்கவில்லை.

1951 ஏப்பிரில் 23 ஆம் திகதி பாபரா றோஸ் ஜோன்ஸ் என்ற 16 வயது மாணவி அப்பாடசாலை மாணவர் அனைவரையும் மண்டபத்தில் ஒன்றுகூட்டினாள். பல மாதங்களாகச் சில நண்பரோடு அவள் இரகசியமாகத் திட்டமிட்டிருந்தாள். மாணவர் சிலர் நகரிலே தொல்லையில் அகப்பட்டுள்ளனர் என்ற பொய்யான தொலைபேசிச் செய்தியொன்றினால் அதிபர் வெளியே அனுப்பப்பட்டார். ஆசிரியரை வெளியேறுமாறு கேட்டுவிட்டு அவள் பேசினாள். மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். பகிஷ்காரம் இரு வாரங்கள் நீடித்தது. முதலில் அவர்கள் கேட்டது நல்லதொரு கட்டடம் மாத்திரமே. உதவிக்கு அழைக்கப்பட்ட வழக்கறிஞர்களான ஒலிவர் ஹில்லும் ஸ்பொட்ஸ்வுட் றொபின்சனும் ஒரு நிபந்தனை விதித்தனர்: சிறந்த தனிப் பாடசாலை கேட்டு வாதாட முடியாது, தனிப் பாடசாலை என்ற முறையே ஒழியவேண்டுமென்று கேட்பதாயின் வாதாடலாம். தேவாலயத்திற் கூடிய கூட்டங்களில் பெற்றோரும் மாணவரும் இதனை விவாதித்தனர். எதிர்த்தும் குரல் எழுந்தது. முடிவில் 117 மாணவர் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது. 1954 மே 17 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாடசாலைகளில் நிறவாரிப் பிரிவினை சட்டவிரோதமானது எனத் தீர்த்தபோது, அத்தீர்ப்பிற்கு அடிப்படையான ஐந்து வழக்குகளுள் இதுவும் ஒன்றாகும். மாணவர் தாமே தொடங்கி வைத்தது இது ஒன்றுதான்.

வெற்றி வரலாறாகச் சொல்வோர் இவ்விடத்தில் கதையை நிறுத்திவிடுவர். ஆனால் கதை நிற்கவில்லை. அதிபர் அவ்வாண்டே பதவியிழந்தார். பாபராவின் பாதுகாப்புக் கருதி அவளை அலபாமாவிலிருந்த மாமன் வீட்டுக்கு அனுப்பினர். இவை யாவற்றினும் கொடிய நிகழ்ச்சி 1959 இல் ஏற்பட்டது. வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒரே பாடசாலையிற் சேர்ப்பதிலும் பார்க்க, பாடசாலையே இல்லாதொழிவது மேல் என்று அம்மாவட்ட நிருவாகம் முடிவுசெய்தது. அரசாங்கப் பாடசாலைகள் அனைத்தும் பூட்டப்பட்டன. வெள்ளைப் பிள்ளைகளுக்கெனத் தனியார் கல்விக்கூடம் ஒன்று உடனே எழுந்தது. பொதுப்பணமும் அதற்கு ஒருகாலம் துணைபோயிற்று. ஏறக்குறைய 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை. 1963 இல் நன்கொடையைக் கொண்டு இலவசப் பாடசாலைகள் திறக்கப்பட்டன. 1964 இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்ட பின்னரே அரசாங்கப் பாடசாலைகளின் பூட்டுகள் அகன்றன. ஆறு வயதில் முதலாம் வகுப்புக்குச் செல்லவேண்டிய குழந்தை பத்து வயது வரை பள்ளிப் படியை மிதிக்கவில்லை என்பதே இதன் பொருள். அவர்களுட் பலர் பின்னர் பாடசாலைக்குத் திரும்பவேயில்லை.

மூத்தோரின் கேள்வி இங்கு முழு வலிமையோடு எழுந்து நிற்கின்றது. 1951 இல் மண்டபத்திலே கரவொலி செய்த மாணவர் துணிந்து தம் விலையைத் தாமே கொடுத்தனர் என்று கூறலாம். 1959 இல் வாசலில் நின்ற ஆறு வயதுக் குழந்தை எதற்குச் சம்மதித்தது? யாரை அது தன் பிரதிநிதியாகத் தேர்ந்தது? ஒழுக்கும் குளிருமான கொட்டிலாயினும் அது ஒரு பள்ளிக்கூடம்; அதுவும் இல்லாமற் போயிற்றே என்று ஒரு தாய் கேட்டிருந்தால், அவளுக்கு விடை யாது?

முதலாவதாக ஆராய வேண்டியது, இக்கேள்வி எந்தக் கணக்கின்மேல் நின்று கேட்கப்படுகின்றது என்பதாகும். போராட்டத்திற்கு விலை உண்டென்று கூறுபவர், போராடாமைக்கு விலை இல்லையென்று மறைமுகமாகக் கூறுகின்றார். நிலத்தில் இருந்து கற்ற பிள்ளை ஒவ்வொரு நாளும் விலை கொடுத்தது. தார்க்காகிதக் கொட்டிலில் நடுங்கிய பிள்ளையும் கொடுத்தது. அவ்விலை சிறிது சிறிதாக, ஓசையின்றி, தலைமுறை தலைமுறையாக வசூலிக்கப்பட்டது. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை. ஆகவே அதைக் கணக்கில் எழுதுவாருமில்லை. எரிந்த பாடசாலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகின்றது. கட்டப்படாத பாடசாலை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. "உனக்கு இந்த அதிகாரத்தை அளித்தவர் யார்?" என்ற கேள்வி கிளர்ச்சிக்காரனிடம் கேட்கப்படுகின்றது. உள்ள நிலையைக் காத்து நிற்பவனிடம் அக்கேள்வி கேட்கப்படுவதேயில்லை. அக்குழந்தை தன் பெயரால் நிகழ்ந்த போராட்டத்திற்குச் சம்மதிக்கவில்லை என்பது உண்மை. அது பிறக்குமுன்னரே அதற்கென விதிக்கப்பட்ட கொட்டிலுக்கும் அது சம்மதிக்கவில்லை என்பதும் உண்மையன்றோ?

ஆயினும் இவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும். "அவர்கள் எவ்வாறாயினும் துன்புறுகின்றனர், நாம் தரும் துன்பம் புதிதன்று" என்ற தர்க்கம் கிளர்ச்சிக்காரனுக்கு மிகவும் வசதியானது. ஏழையின் துன்பத்தைத் தன் பொறுப்பின்மைக்கு மூலதனமாக்கும் தர்க்கம் அது. பழைய துன்பம் புதிய துன்பத்தை நியாயப்படுத்தாது. நியாயப்படுத்தக் கூடியது ஒன்றுண்டெனில், அது துன்பத்தை முடிவுக்குக் கொண்டுவரும் உண்மையான வாய்ப்பேயாகும். தன் கொள்கைத் தூய்மையை நிலைநாட்டுவதற்காக மற்றொருவனின் வாக்கையோ வகுப்பறையையோ பலியிடுவதும், அவனது விடுதலைக்கு வழி திறப்பதற்காக இடரைத் துணிவதும் ஒன்றல்ல.

இரண்டாவதாக, குற்றமும் கடனும் வேறுவேறானவை என்பதை நாம் தெளிதல் வேண்டும். பிறின்ஸ் எட்வேட் மாவட்டத்துப் பாடசாலைகளைப் பூட்டியது பாபரா ஜோன்ஸ் அல்லள். பூட்டு யார் கையில் இருந்ததோ அவர்களே பூட்டினர். யாழ்ப்பாணத்துக் கொட்டில்களுக்குத் தீ வைத்தது சம ஆசனக் கோரிக்கை அன்று. தீப்பந்தம் ஏந்திய கைகள். வேறு வகையாக நடந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தும் கொடுமையைத் தெரிந்தெடுத்தவன் எவனோ அவனே குற்றவாளி. கொள்ளைக்காரனின் வெறியை அவனை எதிர்த்தவன்மீது சுமத்துவது நீதியுமன்று, நியாயமுமன்று. இதனை ஐயந்திரிபறக் கூறிவிடுதல் வேண்டும்.

ஆனால், குற்றமில்லை என்ற அளவில் கணக்கு முடிந்துவிடுவதில்லை. 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனை அமெரிக்கா முழுவதும் அனுபவித்தது. அதற்கான விலையில் பெரும்பங்கை ஒரு சிறு மாவட்டத்தின் பிள்ளைகள் கொடுத்தனர். நாடு பெற்றது, ஊர் இழந்தது. இங்கே எஞ்சுவது கடன். போராட்டத்தின் பயனைப் பெறுவோர் அனைவரும், அதை முன்னின்று நடத்தியோர் உட்பட, இழந்தவர்க்குக் கடன்பட்டவராவர். வேர்ஜீனியா மாநிலம் அப்பிள்ளைகளின் கல்விக்கென உதவிப்பணத் திட்டமொன்றை 2004 இல் ஏற்படுத்தியது. பாடசாலைகள் பூட்டப்பட்டு 45 ஆண்டுகளுக்குப் பின்னர், தலை நரைத்த மாணவருக்குக் கிடைத்த உதவி அது. காலங்கடந்ததாயினும் ஒரு தத்துவத்தை அது ஏற்றுக்கொண்டது: அக்கடன் வெறும் உணர்ச்சியன்று, செலுத்தப்படவேண்டிய கடனே என்பதாம்.

இவ்விரு முடிவுகளிலிருந்தும் இளைஞரைத் திரட்டுவோரின் கடமை தெளிவாகின்றது. விலை கொடுக்கப் போகின்றவரைக் கேட்டல் அதன் முதற்படி. எல்லோரும் ஒருமனதாய்ச் சம்மதிக்கும் வரை காத்திருந்தால் எப்போராட்டமும் தொடங்காது என்பது மெய்யே. ஆனால் ஒருமனதான சம்மதம் வேறு, உண்மையைச் சொல்லிக் கேட்பது வேறு. பாம்வில் பெற்றோர் தேவாலயத்திற் கூடி, இழப்பு இன்னதென்று கேட்டறிந்து, மறுத்துப் பேசியவருக்கும் இடமளித்து, பின்னர் கையொப்பமிட்டனர். மேடையில் வெற்றியை மாத்திரம் வருணித்து, விலையை மறைத்துச் சேர்க்கும் கூட்டம் சம்மதித்த கூட்டமன்று, ஏமாற்றப்பட்ட கூட்டம். அஞ்சி விலகி நிற்பவனைத் துரோகியெனத் தூற்றாதிருப்பதும் இக்கேள்வியின் நேர்மைக்கு அடையாளம். அவனிடம் இழப்பதற்கு ஒரே ஒரு நாட்கூலி இருக்கலாம்.

அடுத்தது, விலையிற் பங்கேற்றல். வசதியுள்ள வீட்டு இளைஞன் வசதியற்றவர்க்காகப் போராடுவது தவறன்று. நம் நாட்டில் நடைபெற்ற நற்காரியங்கள் பல அவ்வாறே தொடங்கின. ஆனால் தோல்வி நேர்ந்தால் தனக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு, தன்னோடு நிற்பவனுக்கு அது இல்லை என்பதை அவன் ஒருகணமும் மறக்கலாகாது. யாருக்கு இழப்பு அதிகமோ அவர் வார்த்தைக்கே தீர்மானத்தில் நிறை அதிகம்.

எல்லாவற்றிலும் கடினமானது, போராட்டம் முடிந்த பின்னரும் நிற்றல். பிறின்ஸ் எட்வேட்டில் பாடசாலைகள் பூட்டப்பட்ட நாட்களில் தேவாலயங்களின் நிலக்கீழ் அறைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து இயன்றதைக் கற்பித்தோர் இருந்தனர். தூர இடங்களிலுள்ள குடும்பங்களில் அப்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பித்தோரும் இருந்தனர். நம் நாட்டில், பாடசாலை வாசல் மறுக்கப்பட்ட மக்களின் மத்தியிலிருந்தே எழுந்த சிறுபான்மைத் தமிழர் மகாசபையினர், எம். சி. சுப்பிரமணியம் போன்றோரின் முயற்சியால், தம் மக்கள் வாழும் ஊர்களிலேயே பாடசாலைகளை நிறுவினர். எரிந்த இடத்தில் எழுப்பப்படும் பாடசாலைக்கு எந்தக் கூட்டத்தின் கரவொலியும் இணையாகாது. ஹன்டி பேரின்பநாயகமும் கிளர்ச்சிக் காலத்தோடு ஒதுங்கிவிடவில்லை. ஆசிரியராகவே வாழ்ந்து, சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்துக்கு ஆதரவாக நின்றவர் அவர். 1945 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த அத்திட்டமும், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கிய 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. வாங்கில் அமர முயன்று தள்ளப்பட்ட பெயரறியாப் பிள்ளைகள் அவற்றிற்கு முற்பணம் கட்டியிருந்தனர்.

சட்டம் வந்துவிட்டது, கட்டணம் ஒழிந்துவிட்டது, இனி என்ன என்று கேட்போருக்கு அண்மைக் காலமே விடை கூறிவிட்டது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டு, கல்வி கைத்தொலைபேசியினூடாக வழங்கப்பட்டது. அலை எட்டாத மலையகத் தோட்டத்து லயத்திலும் வன்னிக் கிராமத்திலும் இருந்த பிள்ளை அலை தேடி மேட்டுக்கும் மரத்துக்கும் ஏறியது. தொலைபேசியே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஏறுவதற்கு மரமுமில்லை. வாங்குக்கும் நிலத்துக்கும் இடையேயிருந்த தூரம் வேறு பெயரில் மீண்டும் வந்தது. எவரும் தீ வைக்கவில்லை, எவரும் பூட்டு மாட்டவில்லை. எனினும் குழந்தைகளின் வயது விலையாகச் செலுத்தப்பட்டது. ஓசையின்றி வசூலிக்கப்படும் விலை என்று முன்னர் கூறியதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஆகவே, இன்று தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் வேண்டுமென்றும், பின்தங்கிய கிராமத்துக்கு நூலகம் வேண்டுமென்றும் ஊரூராய்க் கூட்டம் கூட்டும் இளைஞனிடம் மூத்தோர் தம் பழைய கேள்வியைக் கேட்கட்டும். அவன் அதற்குச் சினங்கொள்ள வேண்டியதில்லை; அக்கேள்வியைத் தன் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்வானாக. ஆனால் அதனைக் கேட்போர் மறுகேள்வி ஒன்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்: நாம் வாளாவிருந்த நாட்களின் விலையைக் கொடுத்தவர் யார்? இவ்விரண்டு கேள்விகளையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் துணிவு முதியவர்க்கும் இளையவர்க்கும் ஒருங்கே வரும் நாளில், விலையைக் குழந்தைகளின் தோளிலிருந்து இறக்கி வளர்ந்தவர்களின் தோளில் ஏற்றுவதற்கான வழியும் புலப்படும். அச்சுமையைச் சுமக்கவேண்டிய தோள்கள் நம்முடையவையே.